செத்த காசும் சித்தப்பாவின் டெபாசிட்டும்

பதிவு எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. பரீட்சை, பனி, சோம்பல்னு மூணு காரணம். மூணாவதுதான் உண்மை :-) ஆனா இதை எழுதியே ஆகணும். கொஞ்சம் அசந்திருந்தா சித்தப்பாவோட டெபாசிட்டை நானே கரைச்சிருப்பேன்.

சித்தப்பா மதுரையில இருக்கார், போன வருஷம் ரிட்டயர் ஆனார். வெள்ளிக்கிழமை போன் பண்ணி, "ஏன்டா தம்பி, ஜெர்மனியில கம்ப்யூட்டர்தானே படிக்கிற? 2022 ஜனவரியில பெரிய கிரிப்டோ பத்துலயும் சமமா பணம் போட்டிருந்தா இப்ப எவ்வளவு ஆகியிருக்கும்னு பாத்துச் சொல்லேன்" என்றார். இதெல்லாம் ஒரு வேலையா சித்தப்பா, ராத்திரிக்குள்ள அனுப்பறேன்னு சொல்லிட்டேன். (வாய்தான் எனக்கு எதிரி.)

எடுத்துக்கிட்டது பைத்தானும் சிசிஎக்ஸ்டி என்ற லைப்ரரியும். இலவசம்தான். நூறுக்கும் மேற்பட்ட எக்ஸ்சேஞ்சுகளோட ஒரே பாஷையில பேசும். காசோட பேரு, கால அளவு, ஆரம்ப நேரம் மூணையும் கொடுத்தா, நாளுக்கு ஒரு வரியா ஆறு எண் தரும்: நேரம், தொடக்க விலை, உச்சம், அடி, முடிவு விலை, கைமாறிய அளவு.

முதல்ல சொதப்பினது நேரத்துல. அது மில்லி செகண்டுல கேக்குது, நான் செகண்டுல கொடுத்தேன். 2022 ஜனவரி 1 என்று நான் நினைச்சது அதுக்கு 1970 ஜனவரி 19 ஆயிடுச்சு. பிட்காயின் என்ன, நானே பொறக்காத காலம்! அதைத் திருத்தினா அடுத்த பிரச்னை. ஒரு தடவைக்கு இத்தனை வரிதான்னு ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் அளவு வெச்சிருக்கு. கடைசி வரியோட நேரத்தைப் பிடிச்சு அங்கேர்ந்து மறுபடி கேக்கணும். நடுவுல மூச்சு விடாம கேட்டா கதவைச் சாத்திடுவாங்க.

ஒருவழியா கிராஃப் வந்தது. அடேங்கப்பா, அழகர்மலை மாதிரி ஏறி நிக்குது! வாட்ஸ்அப்புல அனுப்பிட்டுப் படுத்துட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி சாம்பார் கொதிக்கும்போதுதான் உறைச்சது. அவர் கேட்டது 2022 ஜனவரியில பெருசா இருந்த பத்து. நான் எடுத்தது இன்னிக்குப் பெருசா இருக்கிற பத்து. பழைய மாணவர் சந்திப்புக்கு கார்ல வந்தவங்களை மட்டும் எண்ணிட்டு, நம்ம கிளாஸ்ல எல்லாரும் ஓஹோன்னு இருக்காங்கன்னு சொல்ற கதை.

அடுப்பை அணைச்சுட்டு அந்தக் காலத்துப் பட்டியலைத் தேடி எடுத்தேன். அதுல லூனா இருந்தது. விலையை இறக்கினா, 2022 மே மாச நடுவுல ஒரு பைசாவுக்கும் கீழ. சில வரி தள்ளி, மாசக் கடைசியில, சில டாலர்! செத்தவன் எழுந்து வந்துட்டானா?

இல்லை. பழைய லூனா செத்தது செத்ததுதான். 2022 மே 28-ல புது சங்கிலி ஒண்ணைத் தொடங்கி, அதோட காசுக்கு லூனான்னு அதே பேரை வெச்சாங்க. பழசுக்கு லூனா கிளாசிக்னு பேர் மாத்திட்டாங்க. நான் எடுத்த வரிசையில ரெண்டு பேரும் ஒரே பேருல அடுத்தடுத்து நிக்கறாங்க. கருவிக்கு பேருதான் தெரியும், ஆள் மாறினது தெரியாது. கேட்டதைக் கொடுத்தது, அவ்வளவுதான். தப்பாக் கேட்டது நான்.

சரியான பட்டியலோட முதல் வருஷத்தைப் பார்த்தேன். பிட்காயினே ஜனவரியில சுமார் 47,000 டாலர், டிசம்பர் கடைசியில சுமார் 16,500. சொலானா, கார்டானோ எல்லாம் பாதிக்கும் கீழ. லூனா சுத்தமா காலி. இந்த வருஷத்தை வயித்தைப் பிடிச்சுக்கிட்டு தாண்டினவங்களுக்குத்தான் அப்புறம் வந்த ஏத்தம். வீட்டுக்கடன் பாக்கி உள்ள சித்தப்பா தாண்டியிருப்பாரா?

மணி ராத்திரி ஒண்ணு. ஊர்ல காலை அஞ்சரை. (கிரிப்டோவுக்கு மூடுற நேரமே கிடையாது. யூடிசி கணக்குல நள்ளிரவுன்னு ஒரு கோடு போட்டு அதைத்தான் முடிவு விலைங்கறாங்க. அது சரியா இந்த நேரம்தான், சித்தி வாசல்ல கோலம் போடுற நேரம்.) போன் போட்டேன்.

"சித்தப்பா, நான் அனுப்பின படம் தப்பு. டெபாசிட்டை எடுத்துட்டீங்களா?"

"நேத்தே போனேன்டா. ரெண்டாவது சனிக்கிழமைங்கிறது மறந்துபோச்சு. பேங்க் பூட்டிக் கிடந்தது. திங்கக்கிழமை போலாம்னு வந்துட்டேன்."

எனக்குக் கை நடுங்கிச்சு. எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். லூனா கதையை ரெண்டு தடவை சொல்லச் சொன்னார். கடைசியில, "அப்ப செத்தவன் பேரை இன்னொருத்தனுக்கு வெச்சா கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியாது சித்தப்பா."

"உனக்கும் ஒரு நாள் தெரியலையே" என்றார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பி.கு.: டெபாசிட் பத்திரமா இருக்கு. சாம்பார்தான் வீணாப்போச்சு.