கழுவாத ரோல்

எங்கள் காலத்தில் ஃபிலிமை 'டெவலப் செய்வது' என்று யாரும் சொன்னதில்லை. "ரோலைக் கழுவக் கொடுத்திருக்கேன், வெள்ளிக்கிழமை வரும்" என்போம். யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல்தான் சரி. வேலையில் முக்கால்வாசி தண்ணீர்தான்.

போன சித்திரையில் அண்ணன் மகள் ஒரு துணிப்பையோடு வந்தாள். அண்ணன் காலமாகி வருஷம் திரும்பிவிட்டது. அவருடைய பெட்டியைச் சுத்தம் செய்தபோது பழைய ஆக்ஃபா கிளிக் 3 கேமரா கிடைத்திருக்கிறது. பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் 7 என்ற எண் தெரிந்தது. உள்ளே ரோல் இருக்கிறது!

"சித்தப்பா, இதுல அம்மா இருக்கலாம் இல்லையா?"

அண்ணி இறந்தபோது இவளுக்கு ஒன்றரை வயது. 1979. கல்யாண போட்டோ ஒன்றைத் தவிர வேறு படம் கிடையாது. அதிலும் அண்ணி தலை குனிந்திருப்பார்கள். வெளியூர் லேபுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நம் வீட்டிலேயே கழுவுவோம் என்றாள். கல்லூரி நாட்களில் தெருக்கோடி ஸ்டுடியோவில் சாயங்காலங்களில் உதவிக்கு நின்றவன் நான். ஆனால் இப்போது என் விரல் நுனிகள் மரத்துப் போகின்றன. இருட்டில் ஃபிலிமைச் சுற்ற முடியாது. "நீ கத்துக்கோ, நீயே செய்" என்றேன். ஒரே ரோல், ஒரே வாய்ப்பு. அதனால் முதலில் புதிய ரோல் ஒன்றில் பழகினோம்.

அந்த ஸ்டுடியோவில் டாங்க் எல்லாம் கிடையாது. பீங்கான் தட்டில் டெவலப்பர். ஃபிலிமின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்க வேண்டும், கும்மிருட்டில். டெவலப்பரும் கையால் கலந்ததுதான். டி-76 என்பது ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். இன்றும் மனப்பாடம். மெட்டாலை முதலில் போட வேண்டும். சல்ஃபைட் முழுவதையும் கொட்டிவிட்டால் பிறகு அது லேசில் கரையாது. இப்போது பொட்டலமாகவே வருகிறது. வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, பாட்டிலில் நிரம்ப ஊற்றி மூடினால் சில மாதம் தாங்கும். காற்றுதான் அதற்கு எதிரி.

உண்மையில் சிரமமானது இரண்டே இரண்டு. ஃபிலிமை ரீலில் ஏற்றுவது ஒன்று, சூடு மற்றொன்று.

ரீலில் ஏற்ற, பழைய ரோல் ஒன்றைப் பலிகொடுத்து வெளிச்சத்தில் பத்துத் தடவை, கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை செய்யச் சொன்னேன். கையை நுழைத்துச் செய்யும் கறுப்புப் பை நம் ஊருக்குச் சரிப்படாது. ஐந்து நிமிடத்தில் உள்ளே கை வியர்த்து ஃபிலிம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் குளியலறையே மேல். கதவிடுக்கில் போர்வை. கீசரின் சிறு சிவப்பு விளக்கை மறந்துவிடாதீர்கள், கறுப்பு டேப் ஒட்டுங்கள். பழைய சினிமாவில் வருகிற சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் தாளுக்குத்தான். இந்த ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும்.

சூட்டுக்கு வருவோம். புத்தகங்கள் எல்லாம் 20 டிகிரி என்கின்றன. எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. இல்ஃபோர்டு எச்.பி.5 ஃபிலிமுக்கு, தண்ணீர் சேர்க்காத டி-76-இல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 31 டிகிரியில் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஊற்றுவதற்குள்ளேயே ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தி, திட்டுத்திட்டாக வரும். பூச்சும் இளகிப்போகும். அன்று ஸ்டுடியோவில் ஐஸ் பாளத்தைச் சாக்கில் வைத்து உடைத்து, தட்டைச் சுற்றி அடுக்குவோம். நாங்கள் ஐஸ் கட்டிகளைப் பாலிதீன் பையில் கட்டி ஒரு டப்பில் போட்டு, அதில் பாட்டில்களை நிறுத்தினோம். மறந்தும் டெவலப்பருக்குள் ஐஸ் போடாதீர்கள், நீர்த்துவிடும். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உதவாது, அது 35-இல்தான் தொடங்குகிறது. டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாமே ஒரே குளிர்ச்சியில் இருப்பது அவசியம்.

மற்றதெல்லாம் சமையல்தான். டெவலப்பரை ஊற்றி முதல் அரை நிமிடம் டாங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பிறகு நிமிடத்துக்குப் பத்து விநாடி. கொட்டிவிட்டு ஒரு முறை தண்ணீர். அப்புறம் ஹைப்போ பத்து நிமிடம். கடைசியில் கழுவல். அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட நம் ஊரில் தண்ணீர் ஏது? புதுத்தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை. போதும். தீர்ந்த ஹைப்போவைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் வெள்ளி இருக்கிறது. அந்தக் காலத்தில் வெள்ளி எடுப்பதற்காக அதை விலைக்கு வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள்.

பழகிய ரோலில் பன்னிரண்டும் வந்தன. கொல்லைப்புற வாழையும் என் வழுக்கையும். அவளுக்குத் தைரியம் வந்தது.

அண்ணனின் ரோலைக் கேமராவைத் திறக்காமலே கடைசிவரை சுற்றி, இருட்டில் எடுத்தோம். தாளைப் பின்னால் பார்த்தபோது 'இந்து' என்றிருந்தது. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. 1967-இல் உற்பத்தி தொடங்கி, நம் நாட்டு ஸ்டுடியோக்களுக்கெல்லாம் ஃபிலிம் கொடுத்த தொழிற்சாலை. இன்று பூட்டிக் கிடக்கிறது.

இத்தனை வருஷம் கிடந்த ஃபிலிம் தானாகவே கறுக்கும், பதிந்த உருவமோ மங்கும். அந்தக் கறுப்பை அடக்கத் துளி பொட்டாசியம் புரோமைடு சேர்த்தேன். நேரத்தை ஒன்பது நிமிடமாக்கினேன். இருட்டில் நான் சுவரோரமாக ஸ்டூலில். அவள் தரையில்.

"சுருண்டு சுருண்டு போகுது சித்தப்பா."

"அழுத்தாதே. ஓரத்தை மட்டும் பிடி."

"ஏறலையே..."

"உருவிட்டு முதல்லேருந்து ஏத்து. நமக்கு என்ன, ரயிலா போயிடப் போகுது?"

இருபது நிமிடம் ஆயிற்று. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு டாங்க் மூடி திருகும் சத்தம்.

கழுவிய ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தபோது முழுவதும் சாம்பல் நிறம். ஏழாவது கட்டம் கறுத்தே போயிருந்தது; சிவப்பு ஜன்னலுக்கு நேரே நாற்பத்தைந்து வருஷம் நின்றதல்லவா. இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றில் குளத்துப் படிக்கட்டு. ஐந்தில் மொட்டைமாடி, துணிக்கொடி, ஒரு பெண்.

கிளிக் 3-இல் சூரியன் படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பார்கள். அதனால் அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்போம். இந்தப் பெண்ணும் கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தாள். பாதி முகம் நிழலில்.

காய்ந்ததும், வெள்ளைத் திரை மேல் வைத்து செல்போனில் படம் எடுத்து, நிறத்தை மாற்றி, மதுரையில் இருக்கும் எங்கள் அக்காவுக்கு அனுப்பினாள். உடனே போன். "அட, இது நான்டி! அந்த மாம்பழக்கலர் சேலை என்னோடது."

அவள் முகம் விழுந்துவிட்டது.

நான் நெகட்டிவை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தூக்கிய கையில் வாட்ச். அண்ணி வலது கையில்தான் வாட்ச் கட்டுவார்கள், அண்ணன் அதற்குக் கேலி செய்வார். அக்காவுக்கு இடது கை. ஆனால் நெகட்டிவைத் திருப்பிப் பிடித்தால் இடம் வலமாகிவிடுமே? பளபளப்பான பக்கம் நம்மைப் பார்க்க, மங்கலான பூச்சுப் பக்கம் அந்தண்டை இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளது உள்ளபடி தெரியும். அப்படியே பிடித்து அவளிடம் கொடுத்தேன்.

"எந்தக் கை சொல்லு."

வெகுநேரம் பார்த்தாள். "வலது" என்றாள்.

அக்காவுக்குத் திரும்பவும் போன் போட்டுச் சொன்னோம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ சேலை என்னோடதுதான்" என்றாள் அக்கா. "பொங்கலுக்குக் கட்டிக்கிறேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனா. திருப்பிக் கொடுக்கவே இல்லை."