கடைத்தெருவுக்கு வராத கத்திரிக்காய்

கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகவேண்டும் என்பது பழமொழி. முற்றியும் கடைத்தெருவுக்கு வராத கத்திரிக்காய் ஒன்று உண்டு. அதன் சரித்திரத்தை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ராயபுரவாசிகளாகிய நாம் கத்திரிக்காய் விஷயத்தில் சற்றுப் பிடிவாதக்காரர்கள். காய்க்காரியின் கூடையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, சொத்தையை ஒதுக்கிவிட்டுத்தான் வாங்குவோம். சொத்தைக்குக் காரணம், தண்டையும் காயையும் துளைக்கும் ஒரு புழு. அதைக் கொல்லக் குடியானவர் மருந்துமேல் மருந்தாகத் தெளிக்கிறார். சொத்தை கண்ணுக்குத் தெரிகிறது, மருந்து தெரிவதில்லை.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரம் கண்டதாகச் சொல்லிற்று, அமெரிக்க மான்சான்டோ பங்கு வைத்திருந்த மாஹிகோ விதைக் கம்பெனி. மண்ணில் வாழும் ஒரு நுண்கிருமியின் மரபணுவைச் செடிக்குள் புகுத்தினால், செடியே புழுவுக்கு நஞ்சைத் தயாரித்துக்கொள்ளும். நமது கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகமும் கூட்டுச் சேர்ந்து, தமிழ்நாட்டு ரகங்களில் அதைப் புகுத்த முற்பட்டது. 2009 அக்டோபரில் மத்திய சர்க்காரின் குழு சம்மதமும் கொடுத்துவிட்டது.

புழுவுக்கு நஞ்சு, மனிதருக்கு உணவு என்றால் மிக நல்ல செய்திதான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான சோதனை விவரங்களை அளித்தது, விதையை விற்கப்போகிற கம்பெனியே! பாலில் தண்ணீர் உண்டா என்பதற்குப் பால்காரரிடமே நற்சாட்சிப் பத்திரம் வாங்கும் வழக்கம் எந்த வீட்டில் இருக்கிறது?

ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தமிழ்நாட்டில் ஸ்ரீ நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று எதிர்ப்பைத் தூண்டினார். சுற்றுச்சூழல் மந்திரி ஸ்ரீ ஜெயராம் ரமேஷ், 2010 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஏழு நகரங்களில் பொதுஜன அபிப்பிராயம் கேட்டார். சென்னைக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பிப்ரவரி 9-ஆம் தேதி, சுயேச்சையான சோதனைகள் நடக்கும்வரை இக்கத்திரிக்காய் வேண்டாமென்று நிறுத்திவைத்தார்.

அத்துடன் விஷயம் முடியவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஆறு விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து இதற்கு ஆதரவாக ஓர் அறிக்கை வெளியிட்டன. அதில் சில வரிகள், இதே பயிருக்காக வாதாடிய ஒரு கட்டுரையிலிருந்து எழுத்துப் பிசகாமல் இறங்கியிருந்தன! பக்கத்துப் பையன் பலகையைப் பார்த்து எழுதினால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரம்படி கிடைக்கும். கழகங்களோ அறிக்கையைத் திருத்தி, பழைய முடிவையே மறுபடி வெளியிட்டன.

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். உயிர்த் தொழில்நுட்ப ஆணையம் அமைக்க 2009-இல் எழுதப்பட்ட மசோதா நகலில், விஞ்ஞான ஆதாரமின்றி இவ்விஷயத்தில் பொதுஜனங்களைத் தவறாக வழிநடத்துவோருக்குச் சிறைவாசம் என்று ஒரு ஷரத்து இருந்தது. சுயராஜ்யத்துக்காகச் சிறை சென்ற தேசத்தில், கத்திரிக்காய்க்காகவும் சிறை செல்ல நேர்ந்திருக்கும்! நல்லவேளை, 2013-இல் லோக்சபைக்கு வந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியாயிற்று.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எம்.சி. ரோட்டில் நாம் வாங்கும் நூல் சேலை, 2002-இல் அனுமதி பெற்ற இத்தகைய பருத்தியில் நெய்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அர்ஜென்டினாவிலிருந்து கப்பலேறி இந்நாட்டுக்கு வரும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் மரபணு மாற்றிய பயிரில் பிழிந்ததே. உண்மைதான். ஆனால் அவற்றைப் பற்றி நம்மை யாரும் கேட்கவில்லை. கத்திரிக்காயைப் பற்றித்தான் ஜனங்களைக் கேட்டார்கள். கேட்டதற்குப் பதிலும் கிடைத்தது.

விஞ்ஞானத்தின்மீது நமக்குத் துவேஷம் கிடையாது. விற்பவர் வேறு, சோதிப்பவர் வேறாக இருக்கட்டும். வாங்குவது இன்னதென்று இல்லத்தரசிக்குத் தெரியட்டும். விதை குடியானவர் கையை விட்டுப் போகாமலிருக்கட்டும். அதன் பிறகு கத்திரிக்காய் தாராளமாகக் கடைத்தெருவுக்கு வரலாம். அதுவரையில் இன்னும் கொஞ்சம் முற்றட்டுமே!