பத்தாவது ஆள்

அடி குண்டு,

இரண்டாவது பார்லர் எப்போது என்று நீயுமா கேட்கிறாய்? ஃப்ரேசர் டவுனில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் இதையேதான் கேட்கிறார்கள். கடையா கிடைக்காது? ஆள் வேண்டுமே!

முதலில் வம்பு. த்ரெட்டிங்கில் கெட்டிக்காரி, டார்ஜிலிங் பெண், சொல்லியிருக்கிறேன் இல்லையா? வீட்டுக்கே போய்ச் செய்கிற ஆப் கம்பெனி ஒன்று அவளைக் கொத்திக்கொண்டு போகப் பார்த்தது. அவள் போனால் தனியாகவா போவாள்? போன் செய்கிறவர்கள் "அந்தப் பொண்ணு இருக்காளா?" என்றுதான் கேட்கிறார்கள், நான் இருக்கிறேனா என்று ஒருத்தியும் கேட்டதில்லை. சம்பளத்தை ஏற்றி நிறுத்திவைத்தேன். வாக்ஸ் சூடாவதற்குள் விஷயம் கடை முழுக்கப் பரவிவிட்டது. கடையில் வேலை செய்கிற இன்னொருத்தி, ஜெயநகர்ப் பெண், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "உனக்கு சக்தி திட்டத்தில் 2023 ஜூனிலிருந்து பஸ் இலவசம். அவள் ஆதாரில் டார்ஜிலிங் விலாசம், தினம் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறாள்" என்றேன். கொஞ்சம் இறங்கி வந்தாள். கொஞ்சம்தான்.

இப்போது ஒன்பது பேர். பத்தானால் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும்: 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. கிராஜுவிட்டியும் பத்திலேயே தொடங்குகிறது, இருபதில் பி.எஃப். "ஒன்பதோடு நிறுத்திக்குங்க மேடம்" என்கிறார் ஆடிட்டர். இந்தத் தெருக் கடைகள் பலவும் வளராமல் நிற்கிற ரகசியம் இதுதான்டி! ஆனால் போன வருஷம் பிரசவத்துக்குப் போனவளை நினைத்துப் பார்க்கிறேன். இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் 26 வாரம் சம்பளப் பணம் வந்திருக்கும். கைக்குழந்தையோடு அவள் பட்ட பாட்டுக்கு என் 3.25 ஒரு பெரிய காசா?

ஆள் தொல்லைக்கு இந்த ஊர் ஓட்டல்காரர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். 1983-ல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி வந்தது. சர்வர் கிடையாது, காசைக் கட்டி, வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போ. ஊரெங்கும் அதே மாதிரி தர்ஷினிகள் முளைத்தன. அதற்கும் முன்பே, எமர்ஜென்சியில் அரசு விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியபோது எம்.டி.ஆர். ஓட்டல் ரெடி மிக்ஸ் பக்கம் திரும்பியது. 2007-ல் அந்த பாக்கெட் வியாபாரத்தை நார்வேயின் ஆர்க்லா வாங்கிக்கொண்டது. ஓட்டல் மட்டும் நிறுவிய குடும்பத்திடமே இருக்கிறது. ரவா இட்லி மாவை பாக்கெட்டில் அடைக்கலாம். நான் எதை அடைப்பது? டோக்கன் கொடுத்து, "நூல் அங்கே இருக்கிறது, புருவத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றா சொல்வது?

அதனால் பத்தாவது ஆளை எடுக்கத்தான் போகிறேன். இரண்டாவது கடை என்று ஒன்று வந்தால் டார்ஜிலிங்காரிதான் பார்த்துக்கொள்வாள், லாபத்தில் பங்கோடு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் யாரிடமும் உளறாதே.

உன் நாத்தனார் பெண் பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்துவிட்டாள் என்றாயே, அனுப்பி வை. பி.ஜி. வாடகையில் பாதி நான் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்கிறவள் என்றால் மட்டும் வேண்டாம். அன்றைக்குத்தான் கல்லா நிறைகிறது.

உன்
பெங்களூர்க்காரி