ஆறவிட்ட இரும்பும் அந்தியூர்ச் சாலையும்

என் மகள் கணினியியலை விடுத்து இயற்பியலைத் தேர்ந்தெடுத்தபோது, "இதைப் படித்து என்னம்மா செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். அதன்பின் ஓராண்டுக் காலம் எங்களிடையே பேச்சு குறைந்தே இருந்தது.

கோபிசெட்டிபாளையத்தில் எங்களுக்குச் சிறிய ரொட்டிக்கடை. நாள்தோறும் வேனில் நம்பியூர், சத்தியமங்கலம், அத்தாணி, அந்தியூர், கவுந்தப்பாடி எனச் சுற்றி 12 கடைகளுக்குச் சரக்குப் போடுவேன். எது அருகில் இருக்கிறதோ அங்கு முதலில் செல்வது என் வழக்கம். தொலைவானவை கடைசியில் மிஞ்சும். அஸர் ஜமாஅத் பலநாள் தவறும். அந்த உறுத்தல் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் மஃரிபுக்குப் பின் அவளே அருகில் வந்தமர்ந்தாள். "அத்தா, 12 கடைகளை 47 கோடிக்கும் அதிகமான விதங்களில் வரிசைப்படுத்தலாம்" என்றாள். கடைகள் கூடக் கூட, எல்லாவற்றையும் சோதிப்பது கணினிக்கும் எட்டாமற் போய்விடுமாம்.

அதற்கான வழி உலோகத்திலிருந்து வந்ததாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிர்வித்தால் அணுக்கள் இருந்த இடத்திலேயே உறைந்துபோகும். இரும்பு எளிதில் உடையும். மெல்ல ஆறவிட்டால், அவை அசைந்தசைந்து ஒழுங்கான இடத்தில் அமரும். வெப்பத்தில் துகள்கள் அசைவதைக் கணினியில் கணக்கிடும் முறையை 1953-இல் மெட்ரோபாலிஸ், ரோசன்புளூத் தம்பதியர், டெல்லர் தம்பதியர் ஆகிய ஐவர் வெளியிட்டனர். கணினிக்கான நிரலை எழுதியவர் அரியானா ரோசன்புளூத் என்ற பெண்மணி. இதைச் சொல்லும்போது மகளின் குரல் சற்று உயர்ந்தது. 1983-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் கிர்க்பேட்ரிக், ஜெலாட், வெச்சி மூவரும் அதையே இத்தகைய வழித்தடக் கணக்குகளுக்குப் பொருத்தினர்.

ஏதோ ஒரு வரிசையில் தொடங்கி, இரண்டு கடைகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். தூரம் குறைந்தால் ஏற்க வேண்டும். கூடினாலும் சிலவேளை ஏற்க வேண்டும். தொடக்கத்தில் அதிகமாக, 'சூடு' தணியத் தணியக் குறைவாக. குறைவதை மட்டுமே ஏற்றால், என்னைப்போல் ஒரு பள்ளத்தில் சிக்கி, அதையே ஆழம் என்று எண்ணிக்கொள்வோமாம். இம்முறை தருவது ஆகச்சிறந்த விடை என்ற உறுதி கிடையாது; பெரும்பாலும் நல்ல விடை கிடைக்கும்.

'அல்காரிதம்' என்ற சொல் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்று பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்பெருமையைத் தாண்டி ஒன்றும் கற்றதில்லை.

அவளது வரிசை, நம்பியூர்ச் சாலையில் மிக அருகிலுள்ள கடையைக் கடைசிக்குத் தள்ளியிருந்தது. "இது வீண் அலைச்சல்" என்றேன். "ஒருநாள் மட்டும் போய்ப் பாருங்கள், அத்தா" என்றாள்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், அருகிலிருந்த அந்தக் கடையை விட்டுவிட்டுக் கவுந்தப்பாடி வழியாக அந்தியூருக்கு வேனைத் திருப்பினேன். முன் இருக்கையில் அவளும் இருந்தாள்.