ஆடிக்காற்றும் சிறிய காரும்



ஆடி மாதத்து மேல்காற்று நம் ஊரில் வீசத் தொடங்கிவிட்டது. அம்மியையும் பறக்கச் செய்யும் என்று முன்னோர் சொல்லிவைத்த இந்தக் காற்று, இப்பொழுது அம்மியை விட்டுவிட்டு நம் கார்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆலய வளாகத்தில் இரண்டோ மூன்றோ கார்கள்தாம் நிற்கும். இன்று இடம் போதவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை சிறிய கார்கள். பலவும் பிறர் ஓட்டிய பின் வாங்கப்பட்டவை. ஆகவே இந்த வாரம் அவற்றைக் குறித்து உங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். கிராம ஆராதனைகளுக்காக நானும் ஒரு சிறிய காரில் சுற்றுகிறவன் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நம் சபைச் சகோதரி ஒருவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் தம் மாமியாரை டயாலிசிஸுக்காகத் திருவண்ணாமலைக்கு அழைத்துச் செல்கிறவர் அவர். கணவர் வெளிநாட்டில் வேலை செய்வதால் காரை ஓட்டுவது இவரே. "ஐயா, காற்று அடிக்கும்போது வண்டி என் கையில் நிற்கிறதில்லை. விற்றுவிட்டுப் பஸ்ஸிலேயே போய்விடலாமா என்று இருக்கிறது" என்றார். சிகிச்சை முடிந்து துவண்டிருக்கும் ஒரு முதியவரைப் பேருந்துப் படியில் ஏற்றி இறக்குவது எத்தகைய பாடு என்பது, அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு ஆலோசனை சொன்னவர்கள் பலர். ஒருவர் டிக்கியில் மணல் மூட்டை வைக்கச் சொன்னார். ஒருவர் அகலமான டயர் போடச் சொன்னார். இன்னொருவர் பின்கண்ணாடிக்கு மேல் ஸ்பாய்லர் பொருத்தினால் வண்டி தரையோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னார். எவரும் டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை.

பக்கக்காற்று காரை அப்படியே பக்கமாக நகர்த்துகிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது முதலில் காரைத் திருப்புகிறது. நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, 40 கிலோமீட்டர் வேகக் காற்று நேர் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் ஓட்டமும் சேர்வதால், காருக்கு அது முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 27 பாகை சாய்வில் வரும் காற்றாகிவிடுகிறது. அப்போது தள்ளுவிசை காரின் பக்கம் முழுவதிலும் சமமாக விழாமல் முன்பகுதியில் கூடுதலாக விழுகிறது. காரின் எடை மையமோ அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே முகம் காற்றுக்கு விலகித் திரும்புகிறது. எடை குறைந்த, உயரம் மிகுந்த, சக்கரங்களுக்கிடையே நீளம் குறைந்த கார் எளிதாகத் திரும்பும். நம் சிறிய கார்களில் பெரும்பாலானவை இம்மூன்று குணமும் உடையவையே.

அம்பை நினைத்துப் பாருங்கள். அதன் கனம் தலையில்; இறகு வாலில். அதனால்தான் அது காற்றில் நேராகப் பறக்கிறது. கனத்தை வாலுக்கு மாற்றினால் அது தலைகீழாகச் சுழன்று விழும். இப்பொழுது மணல் மூட்டைக்கு வாருங்கள். கனம் கூடினால் வண்டி அசையாது என்னும் எண்ணம் பாதி சரி. ஆனால் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கும் டிக்கியில் அந்தக் கனத்தை வைத்தால், எடை மையம் பின்னுக்குப் போகிறது. காற்று தள்ளும் இடத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடுகிறது. முகம் முன்னிலும் எளிதாகத் திரும்புகிறது. சந்தையிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மூட்டையை டிக்கியில் போடாமல், முன்னிருக்கைக்குப் பின்னால் கால் வைக்கும் தரையில் வையுங்கள். அங்கே கனம் தாழ்வாகவும் நான்கு சக்கரங்களுக்கு நடுவிலும் இருக்கும். கூரைமேல் கேரியரில் கட்டுவது எல்லாவற்றிலும் மோசமானது. கனமும் உயர்கிறது, காற்றுக்கு எதிராக நிற்கும் பரப்பும் கூடுகிறது.

இந்தக் கணக்கை நம் நாட்டில் எல்லாரும் பார்க்கும்படி செய்துகாட்டிய கார் ஒன்று உண்டு. 2008 ஜனவரியில் டெல்லியில் காட்டப்பட்டு 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்த டாடா நானோதான் அது. மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் சென்ற குடும்பங்களைக் கண்டதே அந்தக் காரை உருவாக்கும் எண்ணத்துக்கு வித்து என்று ரத்தன் டாடா சொல்லியிருந்தார். ஏறக்குறைய 600 கிலோ எடை. அகலம் ஒன்றரை மீட்டர். உயரம் அதைவிட அதிகம். இரண்டு சிலிண்டர் எஞ்சின் பின்பக்கத்தில் இருந்தது. அதாவது, அம்பின் கனம் வாலில்! வடிவமைத்தவர்கள் அதை அறியாமல் செய்யவில்லை. முன்சக்கரங்களுக்கு 135 மில்லிமீட்டர் அகல டயரும், பின்சக்கரங்களுக்கு 155 மில்லிமீட்டர் அகல டயரும் கொடுத்தார்கள். மாற்றுச்சக்கரத்தை முன்பக்கத்தில் வைத்தார்கள். பின்பக்கம் எளிதில் வழுக்கிவிடாதபடி அங்கே பிடிமானத்தைக் கூட்டுவதே அந்த 20 மில்லிமீட்டரின் வேலை. அதன் உற்பத்தி 2018-இல் நின்றுவிட்டது; நம் பகுதிச் சாலைகளில் இன்னும் சில ஓடுகின்றன. ஒரே அளவு டயர்கள்தானே என்று எண்ணி அவற்றை முன்னும் பின்னும் மாற்றிப் போடாதிருங்கள்.

இந்தப் பாடம் முன்பக்க எஞ்சின் உள்ள கார்களுக்கும் பொருந்தும். காற்றில் நேராகச் செல்வதற்கு முதற்காவல் பின்சக்கரங்களே. ஆனால் நம் ஊர்களில் நடப்பது வேறு. இரண்டு டயர் மட்டும் வாங்கக் காசு இருந்தால், புதியவற்றை முன்னே மாட்டி, தேய்ந்தவற்றைப் பின்னே தள்ளிவிடுகிறோம். முன்சக்கரம் வழுக்கினால் கார் வளைவில் அகலப் போகும். வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். தேர்ந்த ஓட்டுநருக்கும் அதை மீட்பது கடினம். இரண்டு புதிய டயர் என்றால் அவை பின்னுக்குத்தான். கடைக்காரர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதிருங்கள்.

சகோதரியின் காரைத் திருவண்ணாமலைச் சாலையில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தை இரு கைகளாலும் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. டை ராட் எண்ட் ஒன்று தேய்ந்திருந்தது. லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருந்தது. பின் டயர்களில் இருக்க வேண்டிய காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருந்த நான்கு இலக்கங்களை அவர் எனக்குக் காட்டினார்: 1915. அது 2015-ஆம் ஆண்டின் 19-ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். பொத்தான்கள் இன்னும் ஆழமாகவே இருந்தன. ரப்பரோ கல்லாகி, சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. குறைவாக ஓடும் கார்களில் இதைத்தான் காண்கிறோம். தேய்வதற்கு முன்பே டயர் முதுமையடைந்துவிடுகிறது.

காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் தொய்ந்துபோகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் உடனே பதிலளிக்காமல், முதலில் நசுங்கி, பிறகே திரும்புகிறது. அந்த இடைவெளியைப் பொறுக்காமல் நீங்கள் இன்னும் கொஞ்சம் திருப்புகிறீர்கள், அப்போது அது அளவுக்கு மீறித் திரும்புகிறது, மறுபக்கம் ஒடிக்கிறீர்கள். தேய்ந்த டை ராட் எண்டும் இதே தாமதத்தை உண்டாக்கும். காற்று ஒருமுறைதான் தள்ளியிருக்கும். மற்ற இரண்டு அலைவுகளும் நம் கையாலேயே வந்தவை. வண்டி என் கையில் நிற்கிறதில்லை என்று அச்சகோதரி சொன்னது இதைத்தான்.

உங்கள் காருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஆள் நிறைந்திருக்கும்போது வேறு. பெட்ரோல் பங்கில் "எவ்வளவு?" என்று கேட்டவுடன் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லாதிருங்கள். பழுதுகளைச் சரிசெய்த பின் அலைன்மென்ட் பாருங்கள். அதற்கு முன்பே பார்ப்பது காசுக்குக் கேடு. அகல டயரைப் பொறுத்தவரை, உற்பத்தியாளர் அனுமதித்த அளவைத் தாண்டினால் அது லாரித் தடங்களைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இழுக்கும். ஸ்பாய்லர், நாம் ஓட்டும் வேகத்தில் அலங்காரமே.

இவையெல்லாவற்றையும்விட மலிவான மருந்து வேகத்தைக் குறைப்பது. வெறும் புத்திமதியாகச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே கணக்காகச் சொல்கிறேன். இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு 7 மீட்டர்; உங்கள் பங்கு மூன்றரை மீட்டர். கார் ஒன்றரை மீட்டர். நடுவில் சென்றால் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் மிஞ்சும். காற்று உங்கள் முகத்தை இரண்டே பாகை திருப்புகிறது. நீங்கள் உணர்ந்து திருத்த ஒரு விநாடி ஆகிறது. 80-இல் செல்லும் கார் அந்த ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடி, முக்கால் மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். 50-இல் செல்லும் கார் அரை மீட்டருக்கும் குறைவாகவே விலகும். எதிரே பேருந்து வரும்போது அந்த வித்தியாசத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது.

எங்கே குறைக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து வீசும் காற்றுக்குக் கை பழகிவிடும். திடீரெனத் தொடங்குவதும் திடீரென நிற்பதுமே ஆபத்து. செஞ்சியில் இராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே செல்லும் சாலையில் பாறை மலைகளின் மறைவு இருக்கும்வரை கார் அமைதியாக ஓடும். மறைவு முடியும் இடத்தில் காற்று கதவைத் திறந்ததுபோல் வந்து மோதும். செஞ்சியிலிருந்து வடமேற்காக நம் ஊருக்கு வருகிறவர்களுக்குத் தென்மேற்குக் காற்று இடப்பக்கத்தில் நேராக விழுகிறது. புளியமரங்கள் அணிவகுத்த இடம் முடிந்து வெட்டவெளி தொடங்கும் ஒவ்வோர் இடமும், ஏரிக்கரைச் சாலையும் அப்படியே. லாரியை முந்தும்போது சில விநாடிகள் காற்று முற்றிலும் நின்றுபோகும். அதுவரை காற்றுக்கு எதிராக ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்திருந்தவர் லாரியின் பக்கமாகவே இழுக்கப்படுவார். தாண்டியவுடன் மறுபடியும் அடி விழும். ஆகையால் காற்று நாளில் லாரியை முந்தாமல் பின்னாலேயே செல்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை. இரு கைகளும் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும் இருக்கட்டும். பிடி தளர்வாக இருக்கட்டும். பார்வை தூரத்தில் இருக்கட்டும். காற்று மோதிய கணத்தில் பிரேக்கை மிதிக்காதிருங்கள்.

நாகர்கோவில் பக்கம் உறவினர் உள்ளவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயை அறிவீர்கள். முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பது காரணமின்றி அல்ல. 1752-இல் தேவசகாயம் பிள்ளை தம் விசுவாசத்திற்காகச் சுடப்பட்ட மலைக்கும் காற்றாடிமலை என்றே பெயர். அந்த வழியில் விடுமுறைக்குச் செல்லும்போது, விசைச்சக்கரங்கள் கண்ணில் பட்டவுடனேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சில நாட்களில் புறப்படாமல் இருப்பதே சரி. பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். மீனவர்களுக்கான எச்சரிக்கையில், சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்று வானொலியில் கேட்டிருப்பீர்கள். அந்த ‘இடையிடையே’ என்னும் சொல்தான் சிறிய காருக்கு உரியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் நல்ல டயரும் நல்ல ஓட்டுநரும் போதாது. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். யூரோக்கிலிதோன் என்ற காற்றில் சிக்கிய அந்தக் கப்பலில் 276 பேர் இருந்தார்கள். மாலுமிகள் கயிறுகளால் கப்பலைக் கட்டினார்கள், பாய்களை இறக்கினார்கள், சரக்கைக் கடலில் எறிந்தார்கள்; தொழில் தெரிந்தவர்கள் செய்யக்கூடிய யாவையும் செய்தார்கள். ஆனால் புறப்பட வேண்டாம் என்று பவுல் சொன்னது துறைமுகத்தில் இருந்தபோது. டயாலிசிஸ் நாளும் புயல் நாளும் ஒன்றாக வருமானால், மருத்துவமனைக்கு முந்தின நாளே தொலைபேசியில் பேசி நேரத்தை மாற்றிக் கேளுங்கள். முடியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். அந்த வாகனத்தின் கனம் வேறு.

சகோதரி காரை விற்கவில்லை. இரண்டு டயர், ஒரு டை ராட் எண்ட், ஒரு புஷ், ஓர் அலைன்மென்ட்; அவ்வளவே செலவு. மீதி இரண்டு டயர்களை அடுத்த மாதம் மாற்றப்போகிறார். மாமியாரைப் பின்னிருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தவர், இப்பொழுது முன்னிருக்கையைச் சற்றுச் சாய்த்து, பெல்ட் போட்டு உட்காரவைக்கிறார். முதியவருக்கும் அது பிடித்திருக்கிறது, சாலை தெரிகிறதாம்.

வரும் ஞாயிறு ஆலய வாசலில் காற்றழுத்தம் அளக்கும் கருவியோடு நம் வாலிபர்கள் நிற்பார்கள். டயர் ஆறியிருக்கும்போதுதான் அளவு சரியாகத் தெரியும். ஓடி நின்ற கார் ஆற மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே தூரத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் வந்தவுடன் வரிசையில் நிற்க வேண்டாம். காரை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே வாருங்கள். ஆராதனையும் அதன்பின் ஐக்கிய விருந்தும் முடியும்போது, என் பிரசங்கத்தின் நீளத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், மூன்று மணி நேரம் தாராளமாக ஆகியிருக்கும்.