மணிக்கயிறு இல்லாத படகு

2024 டிசம்பர், ஃபெஞ்சல் புயல். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறந்துவிட்டதில் தென்பெண்ணையும் மலட்டாறும் எங்கள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரை தாண்டின. வழி காட்டுவதற்காக மீட்புப் படகு ஒன்றில் நானும் ஏறினேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இன்ஜினை அணைப்பார்கள். அது ஓடினால் மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுகிற குரல் காதில் விழாது.

இதைச் சொல்லிப் புலம்பியபோது கொச்சியில் இருக்கும் நண்பன், "வைக்கம் வந்து ஆதித்யாவுல ஒரு தடவை ஏறிப் பாருடா" என்றான்.

வைக்கம் என்றால் நமக்குப் பெரியார். ஆனால் நான் போன அன்று அவர் நினைவிடத்துக்குப் போகவில்லை, நேரே படகுத்துறைக்குப் போனேன். வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலிருந்து ஓடும் சூரிய மின்படகு ஆதித்யா. 75 பேர் உட்காரலாம். இதை உருவாக்கிய சந்தித் தண்டாசேரி சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். அடியில் ஒல்லியாக இரண்டு ஓடுகள். இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

பேட்டரியைப் பற்றி ஒருவர் கால் மணி நேரம் விளக்கினார். லித்தியம் என்ற சொல் மட்டும் தங்கியது. என் கண் ஸ்ராங்கு மேலேயே இருந்தது. சுக்கான் பிடிப்பவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர், சினிமா பார்த்துக் கற்ற தமிழ்.

"டீசல் போட்ல நான் முன்னாடி, டிரைவர் இன்ஜின்கிட்ட. கத்தினாலும் கேக்காது சார். கயிறு இழுத்தா அங்க மணி அடிக்கும். அதுதான் எங்க பாஷை."

"இப்போ அந்த மணி இல்லாதது வருத்தமா சேட்டா?"

சிரித்தார். "காது போச்சு சார்." செவிட்டுத்தனத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன்; இல்லை. முன்பு ஆகாயத்தாமரை விசிறியில் சுற்றினால் இன்ஜின் முனகும், அதை வைத்தே பிடித்துவிடுவாராம். மோட்டார் முனகுவதில்லை. ஆம்பியர் ஏறுகிறதா என்று மீட்டரைப் பார்க்க வேண்டும். முப்பது வருஷம் காதில் சேர்த்த தொழில், ஒரு முள்ளுக்குள் போய்விட்டது.

மணிக்குப் பத்து கிலோமீட்டர் வாக்கில் போகிறோம். சூட்சுமமே இந்த மெதுவான போக்கில்தான். தண்ணீரில் வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். நேரம் இரட்டிப்பானாலும் அதே பேட்டரியில் ஏறக்குறைய நாலு மடங்கு தூரம் போகலாம். டீசலுக்குக் கடன் வாங்கி, அந்தக் கடனுக்காகவே மீனைத் தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வரும் மரக்காணத்து மீனவர்களை நினைத்துக்கொண்டேன். வலையில் விழும் முன்பே மீன் விலைபோய்விடுகிறது, கடலுக்கே போகாதவன் கையில் லாபம்! ஆனால் அலையோடும் தூரத்தோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்த நிதானப் படகு உதவாது. கோபத்தில் கணக்கை மறக்கக் கூடாது.

திரும்பும் நடை. கயிற்றை அவிழ்த்தாயிற்று, துறைக்கும் படகுக்கும் நடுவே இரண்டு கஜம் தண்ணீர். ஸ்ராங்கு சட்டென்று தலையைத் திருப்பினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. படகு பின்வாங்கித் துறையில் ஒட்டியது. தென்னைகளுக்குப் பின்னாலிருந்து கூடையோடு ஒரு கிழவி, ஏதோ கூவிக்கொண்டே ஓடி வந்துகொண்டிருந்தாள்.