சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பழைய லாரி, மினி லாரி, வேன் வைத்துப் பிழைப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். மழையில் கேபினுக்குள் ஒழுகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் விஷயம் இது.

வாத்தியாருக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் தங்கை மகன் 2004 மாடல் டாடா 407 ஒன்று வைத்திருக்கிறான். கே.ஜி.கண்டிகையிலும் சுற்று ஊர்களிலும் விளைகிற கத்தரி, வெண்டையை ராத்திரியில் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர், பூந்தமல்லி வழியாகக் கோயம்பேடு போவான். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

இரண்டு வருஷமாக மழை வந்தால் கேபினுக்குள் ஒழுகும். முதலில் நாலு சொட்டு. 'பழைய வண்டின்னா ஒழுவத்தான் செய்யும் மாமா' என்பான். பிறகு சீட்டு ஊறி நாற்றம் எடுத்தது. ஆர்.சி., இன்சூரன்ஸ் காகிதமெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டன. போன வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி, முழு லோடோடு நல்ல மழையில் திருவள்ளூரைத் தாண்டிப் போகும்போது இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. பின்னால் வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில் எப்படியோ ஓரம் கட்டியிருக்கிறான். மறுநாள் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பார்த்தால் செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. மேலிருந்து ஒழுகிய தண்ணீர் அதன் மேலேயே விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

அவன் மனைவி என்னிடம் வந்து, "மாமா, இந்த வண்டிய வித்துடச் சொல்லுங்க, எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல" என்று அழுதாள். இருபது வருஷ வண்டியை விற்றால் என்ன கிடைக்கும்? அந்தப் பணத்துக்கு வேறு வண்டி வராது. இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகத்தான் போக வேண்டும்.

ஒழுகலுக்கு வைத்தியம் பார்க்காமலும் இல்லை. ரோட்டோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் மூன்று முறை முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பசை போட்டார்கள். மூன்று முறையும் பணம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பெருமழைக்கு மறுபடியும் அதே கதை. யாரும் வண்டிக்குள் உட்கார்ந்து தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே சொட்டுகிறது, ஆகவே கண்ணாடிதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் அவனை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டேன். பதில்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கே சொட்டுகிறது? வீட்டு வாசலில் நின்றால் கிளீனர் பக்கம், சந்தையில் நின்றால் டிரைவர் பக்கம். நிற்கும்போதா, ஓடும்போதா? இரண்டிலும்தான், ஆனால் ஓடும்போது காலில் தனியாகத் தெறிக்கும். மழை நின்றதும் நின்றுவிடுமா? இல்லை, அரை மணி நேரம் கழித்தும் சொட்டும். எப்போதிலிருந்து? யோசித்துச் சொன்னான்: தார்ப்பாயும் கயிறும் வைக்க கேபின் மேல் இரும்பு கேரியர் போட்ட பிறகுதான்.

இந்தப் பதில்களிலேயே பாதி விடை இருக்கிறது. எங்கள் வாசல் கிளீனர் பக்கமாகச் சரிவு. சந்தையில் சமதரை. வண்டி சாய்கிற பக்கம் சொட்டும் இடம் மாறுகிறது என்றால் இரண்டு ஓட்டை இருக்க வேண்டியதில்லை. மேலே எங்கோ ஓரிடத்தில் நுழைகிற தண்ணீர் சரிவு பார்த்து வழி மாற்றிக்கொள்ளலாம். மழை நின்ற பிறகும் சொட்டினால் எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஓடும்போது மட்டும் காலில் தெறித்தால் அது மேலிருந்து வருவதில்லை, சக்கரம் அடிக்கிற தண்ணீர் கீழிருந்து வருகிறது. ஆக, ஒரு ஒழுகல் இல்லை, மூன்று.

அடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மிதியடி, சீட்டு, கூரையின் உள் உறை எல்லாவற்றையும் கழற்றி வெயிலில் போட்டோம். கேபினைக் கதவு திறந்து நன்றாகக் காயவிட்டோம். உள்ளே ஈரம் இருந்தால் எந்தச் சோதனையும் பலிக்காது. உறையைக் கழற்றியதும் கூரைச் சட்டத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. துரு பொய் சொல்லாது. தண்ணீர் பல நாள் நடந்த பாதை அது. அந்தப் பாதை நெடுகவும், கண்ணாடி ஓரங்களிலும் சாக்பீஸ் தூளைத் துணியில் தொட்டு ஒற்றிவைத்தோம். ஒரு சொட்டு வந்தாலும் வெள்ளைத் தூளில் தடம் விழும்.

எட்டாவது படிக்கிற பேத்தியை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்தோம். வெளியே நாங்கள் ஓஸ் பைப். இங்கே இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. அந்த வேகத்துக்கு மழை நுழையாத இடத்திலும் நுழைந்து நம்மைக் குழப்பும். மழை மாதிரி வழியவிட வேண்டும். இரண்டு, கீழிருந்து மேலே போக வேண்டும். முதலிலேயே கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது வழி என்று தெரியாது. கதவின் அடிப்பகுதி, கதவுக் கண்ணாடி, முன் கண்ணாடியின் கீழ்ப் பீடிங், பக்கங்கள், மேல் பீடிங், கடைசியில்தான் கூரை. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம்.

கதவுக் கண்ணாடியில் ஊற்றும்போதே ஒன்று அகப்பட்டது. கதவுக்குள் தண்ணீர் போவது குற்றமில்லை. கண்ணாடி ஏறி இறங்குகிற இடைவெளி வழியாக எந்த வண்டியிலும் கொஞ்சம் உள்ளே போகும், கதவின் அடியில் இருக்கிற சிறு துளைகள் வழியாக வெளியே போய்விடும். இவன் வண்டியில் அந்தத் துளைகள் சேறும் துருவும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. கதவு குடம் மாதிரி நிரம்பி, தண்ணீர் உள்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. மழை நின்ற பிறகும் வந்தது இந்தத் தண்ணீர்தான். ஒரு கம்பியை விட்டுக் குத்தினோம், கறுப்பாக ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. செலவு ஒன்றுமில்லை.

மூன்று முறை பணம் கொட்டிய முன் கண்ணாடியில் மேலும் கீழும் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

பிறகு கூரை. கேரியருக்கு நாலு போல்ட். நாலிலும் ஒன்றாக ஊற்றினால் எது என்று தெரியாது. ஒரு சொம்புத் தண்ணீரில் வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலந்து ஒவ்வொரு போல்ட்டாக மெதுவாக ஊற்றினேன். முதல் இரண்டிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஊற்றி நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும், உள்ளேயிருந்து "தாத்தா, ப்ளூ வருது!" என்று சத்தம். நீலக் கோடு போல்ட்டிலிருந்து கூரைச் சட்டத்தின் அடியில் ஒட்டிக்கொண்டே போய், கண்ணாடி ஓரத்துத் தூணுக்குள் இறங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் வந்து சொட்டியது. நுழைந்த இடத்துக்கும் சொட்டிய இடத்துக்கும் நாலடி தூரம் இருக்கும்.

தண்ணீர் ஏன் நேராக விழாமல் இப்படிச் சுற்றி வருகிறது? தகரத்தின் அடிப்பரப்பில் அது ஒட்டிக்கொண்டே நகரும். ஒரு மடிப்போ முனையோ வந்தால்தான் சொட்டாக விழும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, இரண்டு தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இடுக்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மயிரிழை இடைவெளி போதும்.

மூன்றாவது, காலில் தெறிப்பது. இன்ஜின் பக்கச் சுவரில் ஒயரும் கேபிளும் நுழைகிற துளையில் ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தது. புது வளையம் மாற்றினோம்.

கேரியர் போல்ட்டுக்கு என்ன செய்தோம் என்றும் சொல்கிறேன். நாலையும் கழற்றி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, எமரி தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துக் காயவிட்டோம். தகரத்தோடு ஒட்டி ரப்பர் வாஷர், அதன் மேல் அகலமான இரும்பு வாஷர், இடையில் பாடி வேலைக்கென்றே விற்கிற சீலன்ட். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது. வினிகர் வாசனை வருகிற சிலிக்கானை வெறும் இரும்பின் மேல் போடாதீர்கள். அதிலிருந்து வருகிற அமிலம் துருவை வளர்க்கும். அதன் மேல் பெயின்ட்டும் பிடிக்காது. துருவின் மேல் எந்தப் பசையைப் பூசினாலும் துரு உதிரும்போது பசையும் கூடவே வந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு அதே சோதனையை முதலிலிருந்து மறுபடியும் செய்தோம். சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. புது ஃபியூஸ் பாக்ஸ் தவிர மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

பெரிய லாரிகளில் இன்னும் கவனம் வேண்டும். வெறும் சேசிஸாக வாங்கி நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் கேபினும் பாடியும் கட்டிய பழைய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. கைவேலை என்பதால் ஒரு கேபின் போல இன்னொன்று இருக்காது. எந்த மூலையில் எந்த இணைப்பு என்று அந்தந்த வண்டியில்தான் பார்க்க வேண்டும். முன்னால் வைக்கிற பெயர்ப்பலகை, அலங்கார விளக்கு, ஹாரன் என்று நாம் போடுகிற ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வாசல்.

இன்னொன்று. ஒழுகலை உண்டாக்குவது மழை இல்லை, வெயில். நம் திருத்தணி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். பகலில் தகரம் விரிகிறது, ராத்திரியில் சுருங்குகிறது. ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. சித்திரையில் விழுந்த ஓட்டையை ஐப்பசி மழை காட்டிக்கொடுக்கிறது. அதனால் ஆடிக் கிருத்திகைக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் காயவைக்க வெயிலும் கிடைக்காது, வண்டியை நிறுத்திவைக்க மனசும் வராது.

புதிதாகத் தயாராகிற, 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல விதி. பன்னிரண்டு மணி நேரம் இன்ஜின் சூட்டில் வேகிறவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. ஆனால் பழைய வண்டிக்காரனுக்கு அது பொருந்தாது. தலைக்கு மேல் ஒழுகாத கூரையும் கால் நனையாத தரையும் அவனுக்கு அவனே செய்துகொண்டால்தான் உண்டு.

வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதும். ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கும். 25 என்று திருத்திக் கொடுத்தால் அந்தக் கணக்கு சரியாகும், அடுத்த கணக்கு மறுபடியும் தப்பாகும். பத்தும் ஒன்றும் புரியாமல் போன இடத்துக்குப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலை அதுதான். லாரிக்கும் அதே முறைதான் உதவியது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று பெருமழை வந்து போய்விட்டது. சீட்டுக்கு அடியில் விரித்து வைத்த செய்தித்தாள் காய்ந்தே இருக்கிறது. வண்டியை விற்கிற பேச்சை மருமகள் எடுக்கவில்லை. மழை ராத்திரிகளில் அவன் கோயம்பேடு போய்ச் சேர்ந்ததும் போன் மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் வண்டியில் எங்கே ஒழுகியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நாலு பேருக்கு உதவும்.